ஓ குரூப்காரரின் காய்ச்சல்

ஊரெங்கும் வைரஸ் காய்ச்சல் பரவிய அந்த மாதம், பேக்கரிக்காரர் தன் குடும்பத்தை ரத்த குரூப்படி இரண்டாகப் பிரித்துவிட்டார். ஓ குரூப்பை இந்தக் காய்ச்சல் அவ்வளவாகத் தொடாது, ஏ குரூப்பைத்தான் புரட்டி எடுக்கும் என்று செல்போனில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தான் ஓ, எனவே கடை, சந்தை, கூட்டம் எல்லாம் தன் பொறுப்பு. மனைவி ஏ; எனவே கல்லாவை விட்டு எழுந்து வீட்டுக்குள் போக வேண்டும். மாமியாரும் ஏ குரூப்பாக இருந்ததில் அவருக்குத் தனி சந்தோஷம். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முகக்கவசம் போடச் சொன்னால், "நம்ம ரத்தம் அப்படி!" என்று மார்தட்டுவார்.

தட்டிய மார்பிலேயே சளி கட்டியது. ஒரு காலை, பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நடுங்கிப்போய் மூட்டைமேல் சரிந்தார். எழுந்ததும் முதல் வேலையாகச் சரக்கு அறைக்குள் நுழைந்து, மனைவி உள்ளே வராதபடி கதவுக்குப் பின்னால் ஒரு மாவு மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாடி வீட்டு டாக்டரம்மா வந்து அவருக்கும் மனைவிக்கும் ரத்தம் எடுத்தார்.

"ஓ குரூப்புக்கு ஆபத்து கொஞ்சம் குறைவா இருக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. அதுக்காக வைரஸ் உங்க குரூப்பைக் கேட்டுட்டா உள்ள வரும்?"

டாக்டரம்மா போனதும் அவர் மூட்டையை மறுபடி கதவோடு ஒட்டித் தள்ளினார். தன் காய்ச்சல்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. வெளியே மனைவி லேசாகச் செருமினாலும் எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தார். என் வாய்க்கொழுப்பே அவளைக் கொண்டுபோய்விடுமோ என்று நினைத்துத் தலையணையில் முகம் புதைத்து அழுதார்.

மறுநாள் மதியம் மூட்டை நகரும் சத்தம் கேட்டது. மனைவி கஞ்சியோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"வராத! நீ ஏ குரூப்புடி!"

"கத்தாதீங்க. எனக்கு ஏற்கெனவே வந்து போயிருக்காம். டாக்டரம்மா ரத்தத்தைப் பாத்துட்டு சொன்னாங்க."

"எப்ப வந்துச்சு?"

"போன மாசம் தும்மிட்டே கெடந்தேனே. மைதா தூசின்னு நீங்கதான சொன்னீங்க? அந்த வைரஸை உடம்பு அடையாளம் வச்சிருக்காம். இப்போதைக்குப் பயமில்லையாம்."

"சத்தியமா?"

"கஞ்சி மேல சத்தியம். குடிங்க."

அவருக்கு உயிரே திரும்பி வந்தது. சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்ததில் பாதிக் கஞ்சி போர்வையில் சிந்தியது. அவள் திட்டவில்லை. அவர் படுத்ததிலிருந்து அடுப்பையும் கடையையும் ஒற்றை ஆளாய்ப் பார்த்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க. நானும் ஒரு நாழி கண்ணை மூடுறேன்."

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இடம் விட்டார்.