பட்டி இல்லாதவன்

எண்பத்தேழாம் ஆண்டு பங்குனி மாதம், மொன்றியல் ஷபனெல் தெருத் தையல் ஃபக்டரி ஒன்றின் ஆறாம் மாடியில் நான் சட்டைக் கைகளுக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்து உடுப்பு மாதிரி ஜக்கெட் போடுவது அந்த வருடம் இளம்பெண்களுக்கு நாகரிகமாக இருந்தது. பச்சைத் துணி, பித்தளைப் பொத்தான், முழங்கைக்கு மேலே வெள்ளி நூலில் கவிழ்த்துப் போட்ட கூரை மாதிரி இரண்டு பட்டிகள். வெட்டிய கைகள் கட்டுக் கட்டாக வரும். தைத்து முடித்ததை நீராவி அயனில் நிற்கிற ஹெர்ஷ் வந்து எடுத்துப்போவார். அறுபத்தைந்து வயது. யாருடனும் கதைக்கமாட்டார். தேத்தண்ணி நேரத்தில்கூட அயனுக்குப் பக்கத்திலேயே நிற்பார். அன்றைக்கு நான் தைத்த சட்டைக் கை ஒன்றைத் தூக்கித் தன் இடது தோளில் வைத்துப் பார்த்தார்.

"ரொட்டன்ஃபியூரர்" என்றார்.

என்னைத்தான் ஏதோ ஏசுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

"இது போன யுத்தத்தில் ஜேர்மன்காரரின் படையில் ஒரு பதவி. இரண்டு பட்டி, இடது கையில் மட்டும். நீ இரண்டு கையிலும் வைக்கிறாய். பிழை" என்றார்.

"முதலாளி இரண்டு கைக்கும் காசு தாறார்" என்றேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் கண்டேன். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அவர் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.

ஒரு சிப்பாயின் பட்டியைப் பற்றி அன்றைக்கு நான் ஏன் மேலும் கேட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். அந்த மாசி மாதம்தான் ஒருவரையும் திருப்பி அனுப்பமாட்டோம் என்று இலங்கையையும் சேர்த்து வைத்திருந்த நாடுகளின் பட்டியலைக் கனடா அரசாங்கம் நீக்கியிருந்தது. சித்திரை இருபத்தெட்டாம் தேதி எனக்கு அகதி விசாரணை. நானும் என் மகள் கௌரியும் இங்கே இருப்பதா, திரும்பிப் போவதா என்பது அன்று நான் சொல்லப்போவதில் இருந்தது. என் விண்ணப்பத்திலோ, என் கணவர் கனகசிங்கத்தை ஓர் ஆமிக் கப்டன் சுட்டான் என்று எழுதியிருந்தது.

அவரைச் சுட்டவன் கப்டன் இல்லை. ஆமியே இல்லை. ஊர்காவல் படைக்காரன். பெயர் பியசேன. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல்கட்டை தள்ளி இருந்த சிங்களக் குடியேற்றத்திலிருந்து கூப்பனுக்கு மண்ணெண்ணெய் வாங்கக் கனகசிங்கத்தின் கடைக்கு வருகிறவன். கனகசிங்கம் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடைக்கு மனேஜராக இருந்தார். எண்பத்தைந்தில் அரசாங்கம் அந்தக் குடியேற்றத்து ஆண்களுக்குத் துவக்கும் காக்கிச் சட்டையும் கொடுத்தது. அந்தச் சட்டையில் பட்டியோ நட்சத்திரமோ ஒன்றும் இருக்கவில்லை. நேவிக்காரன், பொலிஸ்காரன், ஊர்காவல் படை, எவன் காக்கியோ பச்சையோ போட்டு வந்தாலும் எங்கள் சனத்துக்கு அவன் ஆமிதான். "ஆமி வாறான்" என்றால் ஓடவேண்டும். ஓடுகிறவர்கள் திரும்பி நின்று தோளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நானும் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கியபோது ஆமி என்றுதான் சொன்னேன். அதைக் கப்டன் ஆக்கியது பேரின்பநாதன்.

பேரின்பநாதன் காங்கேசன்துறை ரெயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர். கோட்-டே-நேஜ் பகுதியில் அவருடைய ஒற்றை அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் அகதிப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். அன்றைக்கு நான் பேசாமல் கையெழுத்து வைத்தேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கப்டன் என்று எழுதியதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலோடு கடை வாசலில் நின்றவனிடம் போன உயிர், கடதாசியிலாவது கொஞ்சம் பெரிய ஆளிடம் போயிருந்தது.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் ஹெர்ஷ் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் மெஷின்மேல் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி. பென்சிலால் கொலர்களும் கைகளும் வரைந்து, கீழே பெயர்கள். முதலில் வெறும் 'ஆள்' என்று ஒரு பதவி. பிறகு ஜேர்மனியை ஆண்ட கட்சிக்காகத் தெருவில் அடிபடச் சேர்ந்தவனுக்கு அதுதான் பெயர். கொலர் வெறுமை. அதற்கு மேலே 'ஸ்டூர்ம்மன்', ஒரு பட்டி. முதல் யுத்தத்தில் முன்னுக்குப் பாய்ந்து போனவர்களுக்கு வைத்த பெயரைத் தெருச் சண்டைக்காரர்களுக்கு எடுத்துக்கொண்டார்களாம். அதற்கு மேலே இரண்டு பட்டி, ரொட்டன்ஃபியூரர், நாலைந்து பேருக்குத் தலைவன். அடுத்த யுத்தம் நீண்டபோது 'ஆளு'க்கும் ஒரு பட்டிக்கும் நடுவே இன்னொரு படியைச் செருகி, கையில் ஒரு சின்ன நட்சத்திரம் கொடுத்தார்கள். பிடித்த நாடுகளில் உள்ளூர்ப் பொடியன்களைச் சேர்த்தபோது அவர்களுக்கு வேறு பெயர்கள், வேறு பட்டிகள். பெரிய அதிகாரிகள் ஒருவரும் அந்தக் கொப்பியில் இல்லை.

"அடிமட்டத்தில் ஏன் இவ்வளவு படி?" என்று கேட்டேன்.

"சம்பளத்தைக் கூட்டுவதிலும் பார்க்க நூல் மலிவு" என்றார். "ஒரு பட்டி கிடைத்தவன் இரண்டாவதைப் பார்ப்பான். அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்வான்."

பிறகு, பாணைப் பிய்த்தபடி, தன் கதையைச் சொன்னார். லித்துவேனியாவில் ஒரு சின்னப் பட்டணம். ஜேர்மன்காரர் அதைப் பிடித்தபோது, பத்தொன்பது வயதில், பலகை அடுக்கிய மரக்காலை ஒன்றின் பின்னால் தன் தகப்பனைச் சுட்டவனைப் பத்து அடி தூரத்திலிருந்து பார்த்தவர். அறுபத்துநாலில் ஜேர்மனியில் அவனுக்கு வழக்கு நடந்தபோது சாட்சி சொல்ல மொன்றியலில் இருந்து போனார். சுட்டவன் ஓர் ஒஃபிசர் என்று சொன்னார். எதிர்த்தரப்பு லோயர் அவனுடைய பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டினான். கூட்டில் நின்றவன் சுட்ட வருடத்தில் இரண்டு பட்டிக்காரன். ஒஃபிசரா, இல்லையா? ஹெர்ஷ் தடுமாறி, இல்லை, இரண்டு பட்டிதான் என்று மாற்றினார். மாற்றினதோடு சரி. இதையே பிழையாகப் பார்த்தவர் முகத்தை எப்படிச் சரியாகப் பார்த்தார் என்று கேட்டார்கள். சுட்டவன் விடுதலையாகித் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

"நான் பொய் சொல்லவில்லை. என் தகப்பன் அந்தப் பட்டணத்தில் பெரிய மனுசன். அவரை ஒரு ரொட்டன்ஃபியூரர் கொல்லலாம் என்று என் தலை ஏற்றுக்கொள்ளவில்லை."

அதற்குப் பிறகுதான் என் கப்டனைப் பற்றி அவருக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கொப்பியை மூடினார்.

"மாற்றாதே. கப்டன் என்று எழுதியாகிவிட்டது, கப்டன் என்றே சொல்லு. மாற்றுகிறவனை அவர்கள் நம்புவதில்லை. என்னைப் பார்."

நான் அவரைப் பார்த்தேன். இருபத்துமூன்று வருடமாகப் பட்டிகளை வரைந்துகொண்டிருக்கிற மனிதர். அவரைத் தோற்கடித்தது மாற்றியதல்ல, முதலில் சொன்னதுதான் என்று எனக்குப் பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்திருந்தது. அவர்மேல் இல்லை. என்மேல். அந்த ஆறுதல்மேல்.

ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாதனிடம் போனேன்.

"தம்பி, அந்தக் கப்டனை வெட்டவேணும்."

அவர் பேனையை மூடாமலே சிரித்தார். "ஏனக்கா? மேஜர் ஆக்கட்டோ?"

"அவன் ஊர்காவல் படை."

"ஊர்காவல் படையெண்டு எழுதினா வெள்ளைக்காரன் கேற்றில நிக்கிற வோச்சர் எண்டு நினைப்பான். வோச்சர் சுட்டதுக்குக் கனடா ஏன் இடம் குடுக்க வேணும்? என்ர கையால ஒரு மேஜர், நாலு கப்டன், ரண்டு லெப்டினன்ற் போட்டிருக்கிறன். ஒரு கேஸும் திரும்பி வரேல்லை."

"உங்கட படையில சும்மா ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேரின்பநாதன் சிரிக்கவில்லை. என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, பிள்ளையை யோசியுங்கோ. இப்ப மாத்தினா பொய்க்காரி எண்டு ஒரு முத்திரை. பேந்து நீங்கள் உண்மையைச் சொன்னாலும் பொய்தான். எழுதினது ஆரெண்டு கேப்பான். மற்றச் சனத்தின்ர ஃபைலையும் கிண்டுவான். அங்க நிக்கிறவையைப் பாருங்கோ."

அவர் சொன்னது நியாயம். நான் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒருத்தி, தொப்பியைக் கழற்றாமல் ஒரு வயோதிபர். அவர்களுக்கு நான் கெடுதல் செய்ய முடியாது.

"கையெழுத்து என்ரை. உங்கட பேர் என்ர வாயில வராது."

"அப்ப சும்மா விடுங்கோவன். ஒரு சொல்லுத்தானே."

"என்ர மனுசனைச் சுட்டவனுக்குப் பதவி உயர்வு குடுக்கச் சொல்லி உங்களிட்டை ஆர் கேட்டது?" என்றேன். "அரசாங்கமே குடுக்கேல்லை."

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். கையில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

என் சட்டத்தரணி செலீன் இளம் பெண். சட்ட உதவிக் காரியாலயத்தில் வேலை. விசாரணைக்கு முதல்நாள் அவளிடம் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். தொடக்கத்திலேயே திருத்தலாம், அதற்கு உரிமை இருக்கிறது, ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு சொல்லையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள் என்றாள். ஒரு சொல்லைக் காப்பாற்றப் பிள்ளையைப் பணயம் வைக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. பார்வையில் அது இருந்தது. அன்று பின்னேரம் கௌரி மேசையில் பிரெஞ்சு வினைச்சொற்களைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. தகப்பன் எப்படிச் செத்தார் என்று ஒருநாள் என்னிடம் கேட்பாள். அவளுக்கு ஒரு கதை, கனடாவுக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டு இந்த நாட்டில் என்னால் கிழவியாக முடியாது. திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். இல்லாத ஒரு கப்டனின் முதுகுக்குப் பின்னால் நான் ஒளியமாட்டேன்.

விசாரணை அறையில் ஜன்னல் இல்லை. உத்தியோகத்தருக்குத் தடிமன். மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். மொழிபெயர்த்தவர் புதுச்சேரிக்காரர். மேசை நடுவில் ஒரு கசற் ரெக்கோடர். சத்தியம் செய்த கையை இறக்குவதற்கு முன்னரே, விண்ணப்பத்தில் ஒரு பிழை இருக்கிறது என்றேன். செலீன் தன் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்டன் இல்லையென்றால் யார்?"

"ஊர்காவல் படை."

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, ஊர்காவல் படைன்னா போலீஸா, மிலிட்டரியா? எப்படிச் சொல்றது?"

"ரண்டும் இல்லை. அரசாங்கம் துவக்குக் குடுத்தது, சட்டை குடுத்தது, சம்பளம் குடுத்தது. பட்டி மட்டும் குடுக்கேல்லை. அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் அப்படியே சொன்னார். உத்தியோகத்தர் எழுதுவதை நிறுத்தினார்.

"முதலில் ஏன் கப்டன் என்று கையெழுத்து வைத்தீர்கள்? யார் சொல்லித் தந்தது?"

"ஒருவரும் சொல்லித் தரேல்லை. எனக்கு வெட்கமா இருந்தது."

"எதற்கு வெட்கம்?"

"அவன் ஒண்டுமில்லாதவன் எண்டதுக்கு."

அதைப் புதுச்சேரிக்காரர் எந்தச் சொற்களில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சொல்ல நேரமெடுத்தது. உத்தியோகத்தர் என்னை முதன்முறையாக நேரே பார்த்தார். நம்புகிற பார்வை என்றோ நம்பாத பார்வை என்றோ என்னால் சொல்ல முடியாது.

"கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா?" என்று செலீன் கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

"ஒரு முறை பொய்யாகக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். இதை மட்டும் நான் ஏன் நம்பவேண்டும்?" என்றார் உத்தியோகத்தர்.

"கப்டனை எனக்குத் தெரியாது. அவனைப் பற்றி நீங்கள் எதைக் கேட்டாலும் என்னட்ட மறுமொழி இல்லை. இவனைப் பற்றி என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

ரெக்கோடர் டக்கென்று நின்றது. நாடா முடிந்துவிட்டது. அவர் கசற்றை எடுத்து, மறுபக்கம் திருப்பி, விரலால் இறுக்கிப் போட்டார். சின்னச் சிவப்பு வெளிச்சம் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் தொடங்கினேன். அவன் கடை வாசலுக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை. உப்பு மூட்டைக்குப் பின்னால் குனிந்திருந்த எனக்கு முதலில் தெரிந்தது அவனுடைய கால்கள். நீல ரப்பர் செருப்பு. இடது செருப்பின் வார் அறுந்து, அதை ஒரு சட்டை ஊசியால் குத்தியிருந்தான். ஊசி புதிதாக இருந்தது. வெயிலில் மினுங்கியது.