நஞ்சுக்கொடி கேட்டுப் போனவர்

மூத்தவள் கோகிலா காஜா பெராங் பகுதியிலிருந்த வீட்டில்தான் பிறந்தாள். மருத்துவச்சி நஞ்சுக்கொடியைச் சட்டியில் போட்டுக் கொடுக்க, நல்லையா கொல்லையில் புதைத்தார். அப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் கொடுப்பார்கள் என்று இந்தத் தடவை சும்மா இருந்துவிட்டார்.

பையன் அழாமலே பிறந்தான். காலையில் அவனை அடக்கம் செய்துவிட்டு வார்டுக்கு வந்தவரிடம் மனைவி ருக்மணி ஒன்றுதான் கேட்டாள்.

"நஞ்சுக்கொடியவாச்சும் நம்ம மண்ணுல போடுங்க. இல்லேன்னா அடுத்ததும் தங்காது."

வீட்டுக்குப் போய் மூடி போட்ட மண்சட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பினார். சுதந்திரத்துக்குக் கட்டிய தோரணங்கள் கடைவாசல்களில் வெளுத்துத் தொங்கின. அவர் எதையும் பார்க்கவில்லை.

"என்னண்ணே, எல்லாரும் ஆரஞ்சு வாங்கிட்டு வருவாங்க, நீங்க சட்டியோட வர்றீங்க?" வார்டு நர்ஸ் மிஸ்ஸி ரஹீமா சிரித்தாள். அவர் யாரென்று ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது.

விஷயத்தைச் சொன்னார். அவள் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பெரிய தகர டின், அது நிறைய நஞ்சுக்கொடிகள்.

"சீமைக்குக் கப்பல்ல போகுதுண்ணே. இதுலேருந்து மருந்து எடுக்கிறாங்க. தட்டம்மை வராம பிள்ளைங்களுக்கு ஊசி போடுறோமே, அது."

"எங்களைக் கேக்கலியே."

"யாரையும் கேக்கிறதில்ல. வீசுற சாமான்தானேன்னு..."

"எங்களுது எது?"

"பேரெழுதி வைக்கிறதில்லண்ணே." வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஏதாச்சும் ஒண்ணை எடுத்துக்குங்க. அக்காவுக்கு என்ன தெரியப்போகுது?"

நல்லையா சட்டியின் மூடியைத் திறந்தார். டின்னிலிருந்து எழுந்த குளிர் மணிக்கட்டில் பட்டது. பிறகு மூடினார்.

"வேற யாராச்சும் தேடிக்கிட்டு வருவாங்க, மிஸ்ஸி."

ருக்மணியிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் பக்கத்து வீட்டுல அம்மை கண்டப்ப நம்ம கோகிலாவுக்குப் போட்டாங்களே, அந்த ஊசியா?"

"அதேதான்."

அன்று கோகிலாவுக்கு ஒன்றும் வரவில்லை. மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, இதே ரஹீமாவைக் கையெடுத்துக் கும்பிட்டவர் நல்லையா.

மேலே காற்றாடி சுற்றியது. அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை அழுது, பால் குடித்து, தூங்கியும் போனது.

"அந்தப் பொம்பளைக்குப் பிள்ளை தங்குச்சா?" என்றாள் ருக்மணி.

"எந்தப் பொம்பளை?"

"அந்த ஊசி யாரோட கொடியில எடுத்தாங்களோ, அவளுக்கு."

"தெரியல."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"சட்டியக் கட்டிலுக்கு அடியில வைங்க. யாராச்சும் தட்டி விட்டுடப் போறாங்க."

குனிந்து வைத்தார். காலி என்பதால் உள்ளே தள்ளும்போது சத்தம் கேட்டது.