சாய்ந்த காரவான்

இரவு வைத்த சாப்பாட்டுத் தட்டு காரவான் படியில் மூடியபடியே இருந்தது. மூடியின் மேல் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. எடுக்கக் குனிந்த பவானேஸ்வரி மூடியைத் திறந்து பார்த்தாள்; சோறு அப்படியே இருந்தது. மகள் தேவிஸ்ரீ இறந்துபோன பிறகு கணவர் திருச்செல்வம் வீட்டுக்குள் படுப்பதில்லை. பள்ளி விடுமுறையில் மூவருமாகக் கடற்கரைக்குப் போக வாங்கிய காரவான், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் படுக்கை வண்டி, ரெம்பியாவில் அவர்கள் வீட்டை ஒட்டி நின்றது. காரியம் முடிந்த அன்று தலையணையோடு அதற்குள் போனவர்தான். அவளும் “வீட்டுக்குள்ள வாங்க” என்று சொல்லவில்லை. ராத்திரி சோறு வைப்பாள். காலையில் கழுவிய தட்டு படியில் இருக்கும்.

கதவைத் தட்டினாள்.

“உள்ளதான் இருக்கேன். கதவு தொறக்க மாட்டேங்குது. நேத்து மழைக்கு அப்புறம்.”

“போன் இருக்குல்ல? கூப்பிட வேண்டியதுதானே.”

உள்ளே அவர் கதவருகே நகர்ந்து வரும் சத்தம் கேட்டது.

“கூப்பிட்டா வருவியான்னு தெரியல.”

அவள் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். பூட்டு விலகியது, கதவின் மேல்மூலை மட்டும் நிலையில் இறுகிக் கிடந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தபோது வண்டியைத் தாங்கும் ஒரு முட்டுக்கால் சேற்றில் புதைந்து, வண்டியே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. வந்து அவரிடம் சொன்னாள்.

“அப்ப சட்டம் முறுக்கிக்கிட்டு கதவப் பிடிக்குதுலா. கார் ஜேக்க எடுத்துட்டு வா. அடியில பலகை போட்டுக்க, இல்லன்னா அதுவும் எறங்கிரும்.”

பலகை போட்டு, வண்டியைத் தூக்கும் அந்த ஜேக்கை இரும்புச் சட்டத்துக்குக் கீழே வைத்துத் திருகினாள். வண்டி முனகிக்கொண்டு எழும்பியது. பாதியில் அவள் கை நின்றது. எழுந்து கதவருகே வந்தாள். அவர் முகம் தெரியாமல் இருந்ததால்தானோ என்னவோ, கேட்டுவிட்டாள்.

“டெங்கின்னு தெரியாது, சரி. புள்ளைக்குக் காய்ச்சல் கண்ட மறுநாளே கிளினிக் போலாம்னு நான் சொன்னேனா இல்லியா?”

“சொன்ன.”

“பனடோல் மாத்திரை குடு, நாளைக்குப் பாக்கலாம்னீங்க.”

“ஆமா. நாந்தான் சொன்னேன்.”

கதவின் மறுபக்கம் அவர் சரிந்து உட்காரும் ஓசை கேட்டது. கடையில் வேலை இருந்தது, யாருக்குத் தெரியும், விதி என்று அவர் ஏதாவது சொல்வார், அதற்கு இன்னது சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் அடுப்படியில் நின்று வாய்க்குள் பேசிப் பார்த்திருக்கிறாள். அவர் ஒப்புக்கொள்வார் என்று மட்டும் அவள் நினைத்ததே இல்லை. சேற்றில் நின்றுகொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எந்திரிச்சுத் தள்ளி நில்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி திருகினாள்.

உள்ளே ஏதோ சொடுக்கியது. திரும்பி வந்து இழுத்ததும் கதவு உரசிக்கொண்டு திறந்தது. திருச்செல்வம் விலகி நின்றார். தாடி மண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் மகளின் சின்னக் கட்டிலில் பூப்போட்ட விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. தரையில், கால் நீட்ட இடமில்லாத சந்தில், அவருடைய பாயும் தலையணையும் கிடந்தன.

அவள் படியில் கால் வைத்தாள். காரவான் லேசாக ஆடியது. விழுந்துவிடுவாளோ என்று அவர் கையை நீட்டினார்.

பவானேஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறி உள்ளே போனாள்.