இருபத்து நாலு மடங்கு

ஐந்து தோட்டாக்களும் அட்டையில் ஐந்து பக்கம் பாய்ந்திருந்தன. டென்மார்க்கின் சில்க்போர்க் நகருக்கு வெளியே உள்ள சுடுதளத்தில், புதுக் குறிநோக்கி, அதாவது ஸ்கோப், பூட்டிய துவக்கைக் கீழே வைத்துவிட்டு, சுஜீதா தன் கணவன் ரொஷானைப் பார்த்தாள்.

விடிந்தால் மே பதினாறு, ஆண் மான் வேட்டை தொடங்கும் நாள். அவளோடு வேலை செய்யும் பெண்ணின் தகப்பன் ஒரு விவசாயி. தன் காட்டோரத்தில் அந்த ஒரு காலையை மட்டும் அவளுக்கு விட்டுத் தந்திருந்தார். வேட்டை அனுமதிச் சோதனையில் தேறிய நாள் முதல் அவள் காத்திருந்த காலை.

"என்ர பழைய ஸ்கோப்பைத் தாங்கோ."

"அதை நவரத்தினம் அண்ணைக்குக் குடுத்திட்டன். அவர் நோர்வேக்குக் கொண்டுபோயிட்டார்."

"என்னட்டைக் கேட்டனீங்களோ?"

"பிறந்தநாள் பரிசைக் கேட்டுக் குடுப்பினமே? பழசு ஆறு மடங்குதான் பெருப்பிக்கும். இது இருபத்து நாலு. ரண்டுக்கும் விலை ஒண்டுதான். அண்ணைதான் இதை வாங்கச் சொன்னவர்."

"அவர் குருவி படம் பிடிக்கிறவர்."

ரொஷானுக்கும் வேட்டை அனுமதி உண்டு, வேட்டைக்குத்தான் போனதில்லை. ஸ்கோப்பைக் கழற்றிப் பூட்டத் தெரியும், தேர்ந்தெடுக்கத் தெரியாது. மலிவான ஸ்கோப்பில் காசு ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும். நல்ல கண்ணாடிக்குச் செலவழித்தால் படம் துலங்கும். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் பொறிக்குச் செலவழித்தால் கண்ணாடியும் அதைப் பிடித்திருக்கும் பாகங்களும் மட்டமாகும். துவக்கு வெடிக்கும்போது பின்னால் உதைக்கும். அந்த உதையில் உள்ளே ஏதாவது அசைந்தால், ஒவ்வொரு வெடிக்கும் குறி நகரும். அட்டை அதைத்தான் காட்டியது.

வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முன் கண்ணாடியின் அகலத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் தடிப்பு வரும். பழையதில் நாற்பத்திரண்டை ஆறால் வகுக்க ஏழு மில்லிமீற்றர். இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது தாராளம். புதியதில் ஐம்பதை இருபத்து நாலால் வகுத்தால் இரண்டுதான் மிஞ்சும். மான் வெளியே வருவதோ விடிகருக்கலில்.

"மடங்கைக் குறைச்சு வைக்கலாம்தானே, சுஜி."

"குறைச்சா வெளிச்சம் வரும். குறி வருமே? கால் முறிஞ்ச மான் பற்றைக்குள்ள கிடந்து சாகட்டுமோ?"

"வேறொண்டு வாங்குவம்."

"கடையெல்லாம் பூட்டியாச்சு. பரிசாம். என்ர சாமானைத் தூக்கி ஊருக்குக் குடுத்துப்போட்டுப் பரிசாம்."

வீட்டுக்கு வந்து துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். விடியமுன் அவனைத் தட்டி எழுப்பினாள்.

"வெளிக்கிடுங்கோ."

"துவக்கு?"

"வேண்டாம்."

காட்டோரப் பரணில் இருவரும் ஏறி இருந்தார்கள். கைத் தொலைநோக்கியை அவள் அவனிடம் நீட்டினாள். புல்வெளி சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தபோது ஓர் ஆண் மான் வெளியே வந்து, பக்கவாட்டில், அசையாமல் நின்றது.

"சுஜி, வந்திட்டுது," என்றான் மூச்சுக்குள்.

"தெரியுது."

"நல்ல கிட்ட நிக்குது. நான் உண்மையா..."

"கதையாதேங்கோ. பாருங்கோ."

மான் குனிந்து மேயத் தொடங்கியது. அவன் தொலைநோக்கியை மெல்ல இறக்கினான். அவள் அவன் முழங்கையைப் பிடித்து மறுபடியும் உயர்த்தினாள்.

"இன்னும் போகேல்லை. வடிவாப் பாருங்கோ."