ரோவரின் கிண்ணமும் தேயிலைப் பங்கும்

அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஆண்டியப்பனுக்குக் கார் வாங்க ஆசை. 1954இல் தேயிலை விலை எகிறிக்கொண்டிருந்தது. காருக்கென்று சேர்த்த பணத்தை ஒரு தோட்டக் கம்பெனியின் பங்குகளில் போட்டுவிட்டார். பங்கும் நன்றாக ஏறியது. இறங்குவதற்குள் விற்றால் கார். தவறவிட்டால், மனைவி மீனம்மா சொன்னபடி, ஆயுசுக்கும் பஸ்தான்.

பங்கு விழப்போவது முதலில் யாருக்குத் தெரியும்? ஆண்டியப்பன் யோசித்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்குத்தான். துரை வாய் திறக்கமாட்டார். ஆனால் செலவைச் சுருக்குவார். முதலில் விருந்தைக் குறைப்பார், பிறகு விஸ்கியை. செல்ல நாய் ரோவரின் இறைச்சியில் கை வைப்பது கடைசியில்தான். ஆகவே ரோவரின் கிண்ணம் பாதியானால் கம்பெனி கவிழப்போகிறது என்று அர்த்தம்.

துரையின் பங்களாச் சமையல்காரர் நல்லமுத்து, கடைவீதிக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் கிண்ணத்தின் நிலவரத்தைச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு செவ்வாய்க்கிழமை, "மொதலாளி, நாய்க்குக் கறி பாதியாக்கிட்டாங்க," என்றார்.

ஆண்டியப்பன் அன்றைய பத்திரிகையைப் புரட்டினார். விற்கலாமா? பங்கு அன்றும் ஏறியிருந்ததே! மனம் வரவில்லை. பிறந்ததிலிருந்து சைவமான அந்த மனிதர், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு மாட்டிறைச்சிக் கடைக்குள் நுழைந்தார்.

"நல்லமுத்து, தொரைக்குத் தெரியாம இதையும் சேத்துப் போட்டுருங்க."

மறுநாள் கிண்ணம் நிறைந்தது என்று தகவல் வந்தது.

"இனிப் பயமில்ல. நாய் வயிறு முட்டத் திங்குது, மார்க்கட் கெட்டியா இருக்கு," என்றார் மனைவியிடம்.

"கறி வாங்கிக் குடுத்தது யாரு?"

"நாந்தான்."

"ஏங்க, தெர்மாமீட்டரத் தண்ணியில முக்கினா காய்ச்சல் எறங்கிருமா? கம்பெனி சரிஞ்சா கறி கொறையும்னுதானே சொன்னீங்க? கறியக் கூட்டினா கம்பெனி நிமிந்துருமா?"

ஆண்டியப்பன் செருப்பைக்கூடப் போடாமல் தபால் கந்தோருக்கு ஓடினார். கொழும்புத் தரகருக்குத் தந்தி பறந்தது: அத்தனையும் விற்கவும்.

திரும்பும் வழியில் நல்லமுத்து எதிர்ப்பட்டார்.

"மொதலாளி, இனிக் கறி குடுத்துவிடாதீங்க. ரோவர் சோபாவுக்கு அடியில போய் மாட்டிக்கிச்சு. நாலு பேரு இழுத்தோம். ரொம்பப் பெருத்துப்போச்சுன்னு கறியக் கொறைக்கச் சொன்னதே டாக்டராம்!"

தந்தியை நிறுத்த ஆண்டியப்பன் மறுபடி ஓடினார். அது கொழும்புக்கே போய்விட்டிருந்தது. பங்குகள் விற்றுப்போயின. காருக்குப் பணம் போதும்தான். ஆனால் விற்ற பங்கு மறுவாரமும் ஏறியது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்த வாரம் கொழும்பில் பங்குகள் மளமளவென்று சரிந்தன. ஏன் என்று ரோவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கடைவீதியே அவர் வாசலில் கூடிவிட்டது.

"எப்படிங்க முன்கூட்டியே கண்டுபிடிச்சீங்க?"

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். விளக்கமாகச் சொல்ல ஆசைதான். ஆனால் எங்கிருந்து தொடங்குவது? வெளியே, வாங்கி ஒரு நாளே ஆன காரில் உட்கார்ந்திருந்த மீனம்மா ஹாரனை விடாமல் அழுத்தினாள்.

"வெளக்கம் சொன்னது போதும், வந்து ஏறுங்க! இருட்டுறதுக்குள்ள வட்டவளை போகணும்!"