ஆடாமல் உட்காருங்க

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கற்பூர மரத்தை இதுவரை நூற்றுப் பதினேழு படம் எடுத்திருக்கிறேன். ஒன்றில்கூட அது ஆடவில்லை. காற்றடித்தால் கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டு கூரைக்கு மேலே வந்து வந்து போகிற மரம், போனில் பார்த்தால் கல்யாண ஆல்பத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைத்து நிற்கிறது. அடியில் இருக்கும் புல்லும் அப்படித்தான். நேரில் பார்த்தால் பேய் பிடித்த மாதிரி ஆடும். படத்தில் எண்ணெய் வைத்துச் சீவிய தலை.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்களுக்கு லயன் வீடு, வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்டதில் ஒன்று. வீடு என் வீட்டுக்காரர் எல்லப்பன் பெயரில் இருக்கிறது. அவர் பெர்மனென்ட், நான் டெம்பரரி. மாசி மாதம் கூரைத் தகரத்தை மாற்ற ஏறியவர் முதுகு அடிபட விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆறு மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆபீசில் ‘முதுகு வலி’ என்று மட்டும் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வேலைக்கு ஆகாத ஆள் என்று தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் வீடும் போகும். லயனில் நாலு வீட்டுக்கு விஷயம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை; அந்த மட்டுக்கும் புண்ணியம்.

மரம் விழுந்தால் நான் ஓடிவிடுவேன். அவர் கட்டிலில் கிடப்பார். வைகாசி முடிந்து காற்று ஏறியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அதனால்தான் மரத்தை வெட்டச் சொல்லி அவர் பெயரில் மனு எழுதி, படத்தோடு ஆபீசில் கொடுத்தேன்.

கிளார்க் கொர்னேலியஸ் சார் படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “மரம் நல்லா ஸ்ட்ராங்கா நிக்குதே சுகந்தி?”

“காத்துல ஆடுதுங்க சார். வீடியோ இருக்குது, பாருங்க.”

“நான் பாத்து என்னம்மா பண்றது? ஹெட் ஆபீஸ்ல ஃபைலப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. ஃபைல்ல வீடியோவ எப்படி ஒட்டறது?”

அடுத்த காற்றில் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தேன். மங்கலான வெளிச்சத்தில் அந்தப் படம் கலங்கி விழுந்தது. எனக்கு அத்தனை சந்தோஷம். கொர்னேலியஸ் சார் உதட்டைப் பிதுக்கினார்.

“உங்க கை ஆடியிருக்குதும்மா. பாருங்க, மரத்தோட ஊடும் சேந்தில்ல ஆடுது?”

அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயம்தான் எரிச்சலைக் கிளப்பியது. மரம் நின்றால் பலமான மரம், ஆடினால் என் கை. நான் எந்தச் சாமியிடம் போய் முட்டிக்கொள்வது? நான் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். மனுக் கொடுத்தவர் வீட்டு முன்னால் நிற்பது படத்தில் தெரிய வேண்டுமாம்.

“உக்காந்திருந்தா ஆகாதுங்களா சார்?”

“ஆள் தெரிஞ்சாப் போதும்.”

பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஃபரீத் பாயிடம் போனேன். பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமும் எடுக்கிறவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுக்குப் போயி அழுவறீங்களா? கேமராவ ஸ்டாண்டுல வெச்சு ரெண்டு செகண்டு தெறந்து வெச்சாப் போதுங்க. ஆடறதெல்லாம் கலஞ்சுரும், ஆடாதது அப்படியே நிக்கும். ஊடும் ஆளும் தெளிவா இருந்தா, கை ஆடுச்சுன்னு எவன் சொல்லுவான்?”

ஞாயிற்றுக்கிழமை வந்தார். காற்றில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். ஒரு புல் அசையவில்லை. அவர் பஸ் ஏறிப் போன அரை மணியில் தகரம் படபடக்க ஆரம்பித்தது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். வாசலில் நின்று மரத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், “அதுக்குக் காது இருந்தா எப்பவோ உளுந்திருக்கும் புள்ள” என்றார்.

மூன்றாவது முறை, ஒரு செவ்வாய்க்கிழமை, மூடிய வானத்தோடு காற்று வந்தது. போன் செய்தேன். பாய் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். இருவருமாக எல்லப்பனைத் தூக்கி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தோம். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். கால்களை நானே ஒழுங்காக எடுத்துவைத்தேன்.

“எல்லப்பண்ணா, ரெண்டே செகண்டு. இமைகூட அசையக் கூடாதுங்க. ஆடாம உக்காருங்க.”

“நான் எங்கீங்க பாய் ஆடப் போறேன்” என்றார் அவர். பாய் குனிந்துகொண்டு கேமராவையே திருகிக்கொண்டிருந்தார்.

படம் அருமையாக வந்தது. வீட்டுக் கதவில் இருக்கும் ஓட்டைகூடத் தெளிவாக இருந்தது. அவர் சட்டைப் பொத்தானை எண்ணலாம். தலைக்கு மேலே மரம் முழுக்கக் கலைந்து கூரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது, வாசல் புல்லெல்லாம் புகையாய்க் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்த்தவுடனே யாருக்கும் பயம் வரும் என்று நினைத்தேன்.

படத்தை ஆபீசில் கொடுத்துப் பத்து நாள் கழித்துக் கொர்னேலியஸ் சார் கூப்பிட்டனுப்பினார். பதிலை அவரே படித்துக் காட்டினார், என் முகத்தைப் பார்க்காமல்.

“மரம் ஆடுவது உண்மையே. ஆயினும் குடியிருப்பவர் அதன் கீழ் எவ்வித அச்சமும் இன்றி அமைதியாக அமர்ந்திருப்பது படத்தில் தெரிகிறது. எனவே அவசர நடவடிக்கை தேவையில்லை. மழைக்காலம் முடிந்தபின் பரிசீலிக்கப்படும்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “பாய் சொன்னபடிதானே புள்ள உக்காந்தேன்!” எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த டம்ளரைச் சுவரில் அடித்தேன். இனி மரத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் வேலைக்கு ஆகாது. அவர் ஏன் எழுந்து ஓடவில்லை என்று எழுதினால் வீடு போகும். எழுதாவிட்டால் வீட்டின்மேல் மரம் வரும்.

வெளியே காற்று எழும்பிவிட்டது. கூரையில் கிளை உரசும் சத்தம் கேட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். அவர் பயந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

“எழுதிரு” என்றார்.

“என்னத்தங்க?”

“எந்திரிக்க முடியாதுன்னு. ஊடு போனாப் போவுது.”

பாய் போட்டுக் கொடுத்ததில் மீதியிருந்த ஒரு படத்தைத் திருப்பி வைத்தேன். ‘படத்தில் உள்ளவருக்குக் கால் வராது. இவரால் எழுந்து ஓட முடியாது’ என்று எழுதினேன். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போனது. கொர்னேலியஸ் சார் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். ஆமாம் சார், இந்தத் தடவை என் கைதான் ஆடியது.