மாப்பிள்ளையின் நாலு

என் தங்கை புருஷன் சாவதற்கு ஊசி கேட்டார். அதுவும், மணி என்ன என்று கேட்கிற குரலில். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பு வரை குடியேறியிருந்தது. டாக்டரம்மா மறுத்ததும் காலையிலிருந்து தண்ணீரையும் நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளை நாற்பது வருஷம் எடை அளவு ஆய்வாளர். அவர் முறைத்தால் தராசு முள் நடுங்கிப் பூஜ்யத்தில் நிற்கும். நானோ ஓய்வுபெற்ற ஏலக்காரன். கால் உடைந்த நாற்காலியை மூன்று ராஜாக்கள் உட்கார்ந்தது என்று விற்றவன். எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்.

வலிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள, வலி எவ்வளவு?"

"நாலு" என்பார் மாப்பிள்ளை. அது ஏட்டில் ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார்: "நாலு வலிக்கு யாரும் சாகணும்னு கேக்க மாட்டாங்க. இது மனச்சோர்வு. திங்கக்கிழமை மனநல டாக்டர் வருவார். அதுவரைக்கும் வலி மருந்து இதே அளவு போதும்."

திங்கட்கிழமையா? தண்ணீர் குடிக்காத மனுஷன் அதுவரை இருப்பாரா?

"டாக்டரம்மா, அது நாலு இல்ல, நாப்பது!"

"மாமா, சும்மா இருங்க" என்று மாப்பிள்ளையின் மகள் பல்லைக் கடித்தாள். "கேன்டீன் வரிசையில ரெண்டாயிரம் பேர் நிக்கறாங்கன்னு நேத்து சொன்னதும் நீங்கதான்."

பதினோரு பேர் நின்றார்கள். அதை இப்போது ஒப்புக்கொண்டு என்ன பயன்? ஆயுளில் முதல் தடவையாக ஒரு நிஜத்தைச் சொன்னேன், வாங்க ஆளில்லை.

டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். நான் வழியை மறித்தேன். "ஒரே ஒரு கேள்விம்மா. அவரையே கேட்டுடலாம்."

அறைக்குள்ளே மாப்பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வையின் ஓரம் அவர் கைக்குள் கயிறாய் முறுக்கிக் கிடந்தது.

"மாப்ள, உங்க கணக்குல பத்துன்னா என்ன?"

"என்ன மச்சான் கேள்வி இது? பத்துங்கறது கருவியோட உச்சம். எவனாவது உச்சத்துல வச்சு அளப்பானா? முள் வளைஞ்சுடும். பாதிக்குக் கீழ நின்னாத்தான் அளவு நம்பகம்."

டாக்டரம்மாவின் கைப்பை தோளிலிருந்து நழுவியது. "அப்ப பத்து யாருக்கு?"

"கத்தி மயங்கி விழறவனுக்கு."

"நீங்க ஏன் கத்தல?"

"பொண்ணு வெளிய நிக்கறாளே."

அறை வாசலில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசியா எப்ப தூங்கினீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

டாக்டரம்மா மருந்துச் சீட்டில் மார்ஃபின் வலி மருந்தின் அளவை அடித்துக் கூட்டி எழுதினார். ஊசி ஏறியது. "மூச்சை எண்ணிக்கிட்டே இருங்க. குறைஞ்சா உடனே கூப்பிடுங்க" என்றார். மகள் எண்ணினாள். நிமிஷத்துக்குப் பதினாறு, பதினாலு, பன்னிரண்டு. என் மூச்சு நின்றே போயிற்று என்று சத்தியம் செய்வேன். எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. போர்வை மாப்பிள்ளையின் கையிலிருந்து நழுவியது.

மூன்று மணி நேரம் தூங்கினார். விழித்ததும் தண்ணீர் கேட்டு இரண்டு மடக்குக் குடித்தார்.

டாக்டரம்மா குனிந்தார். "இப்பவும் அந்த ஊசி வேணுமா?"

மாப்பிள்ளை இன்னொரு மடக்குக் குடித்தார். அதற்குள் நான் இருபது தடவை செத்துப் பிழைத்தேன்.

"வேண்டாம். ஆனா மூச்சு நின்னா மெஷின்ல மாட்டாதீங்க. நெஞ்சை அமுக்காதீங்க. வலி மட்டும் வராம பாத்துக்கங்க. எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்."

தாள் வந்தது. அவர் போட்டார். கீழே குடும்பத்தார் ஒருவர் கையெழுத்திட ஒரு கோடு இருந்தது.

"மாமா போடட்டும்ப்பா" என்றாள் மகள், தாளைத் தொடாமல்.

"உங்க மாமாவா? நாளைக்கே நான் பத்துத் தாள்ல எழுதிக் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லுவார். நீ படிச்சுப் பாத்துப் போடும்மா."

அவள் தாளை எடுத்தாள். இரண்டு முறை படித்தாள். "மெஷின்" என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

பேனாவை என்னிடம் கேட்டு வாங்கினாள்.